கீழே பார்க்காத கரடி

அந்தத் தகர டப்பாவைத் திறந்தாலே புளித்த நாற்றம் அடிக்கும். உள்ளே ஒரு பழைய வெளிநாட்டுக் கார்ட்டூன் ரீல். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் கழிவு பிரித்துக்கொண்டிருந்த என் சின்னம்மா, அரவைக்குப் போகவிருந்ததை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்தது. எங்கள் வீட்டில் புரொஜெக்டர் ஏது? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து வந்ததும், ஜன்னல் வெளிச்சத்தில் பிலிமைப் பிடித்து ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி எனக்குக் காட்டுவாள்.

தேனீயைத் துரத்தும் குண்டுக் கரடி. மலை முடிந்தது தெரியாமல் காற்றிலேயே நடந்துபோகும். கீழே பார்த்தால்தான் விழும், பார்க்காதவரை விழாது. அந்தக் காலக் கார்ட்டூன்களுக்கென்றே உள்ள நியாயம் இது. எனக்கு இன்றும் சலிக்கவில்லை. ஆனால் கரடி குனியும் முன்பே சின்னம்மா கையை நிறுத்திவிடுவாள். "அப்புறம் இன்னா ஆச்சு, காட்டேன்!" என்று குதிப்பேன். "இருடி, இன்னாத்துக்குப் பறக்குற? அதுக்கு இன்னும் தெரியல. ஜாலியா நடந்துகினு கீது பாரு" என்பாள். சித்தப்பாவுக்கு வேலை போயிருந்த சமயம் அது. நாளைக்கு என்ன என்று தெரியாத வீட்டில் அவள் மட்டும் சிரித்துக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

இந்த வருடம் சர்க்கரையால் அவள் பார்வை மங்கிவிட்டது. கட்டங்கள் தெரியவில்லை. ரீலும் சுருங்கி வளையத் தொடங்கியிருந்தது. இரண்டில் எது முந்துமோ என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒருமுறையாவது அது ஓடுவதை அவள் பார்த்துவிட வேண்டும். சென்னையில் இப்படி ரீல்கள் சேர்ப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். டப்பாவை முகர்ந்துபார்த்தவர், "அபூர்வமான பிரின்ட்டும்மா. ஒரு தடவை ஓட்டலாம், அதுக்கு மேல தாங்காது" என்றார். சின்னம்மாவை மின்சார ரயிலில் இழுத்துக்கொண்டு போனேன்.

சுவர் முழுக்கக் கரடி. சின்னம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரடி மலை விளிம்பைத் தாண்டியதும் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நிறுத்தச் சொல்லுடி."

"நிறுத்தினா பல்பு சூட்டுல பிலிம் எரிஞ்சிடும்மா" என்றார் அவர்.

"நிறுத்துய்யா!" என்று எழுந்தேவிட்டாள்.

கரடி குனிந்து பார்த்தது.

படம் முடிந்ததும் டப்பாவை அவரிடமே கொடுத்துவிட்டாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. திரும்பும் ரயில் பொன்னேரி தாண்டியபிறகு சொன்னாள்.

"இத்தினி வருசமா அத வுழாம புடிச்சிகினு இருந்தேன். கீழ பாக்க வெச்சிட்டியேடி."