உங்க போன்லதான் பழசு நிக்குது

உங்களிடம் யாராவது போனில், “ஒருவாட்டி ரிஃப்ரெஷ் பண்ணிப் பாருங்களேன்” என்று சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருந்தால் தெரிந்துகொள்ளுங்கள், அந்த முனையில் என்னை மாதிரி ஒருத்தி தன் தப்பை அவசர அவசரமாக அழித்துக்கொண்டிருந்தாள். வெப்சைட் செய்கிற தொழிலில் இதுதான் முதல் பாடம். கோடிங் எல்லாம் அதற்கப்புறம்.

எங்கள் ஆபீஸ் நாகல் நகரில், ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில். முதலாளி ஆரோக்கியம் சார், ரூபி அக்கா, நான், நடுவில் ஓயாமல் கத்துகிற ஒரு ஃபேன். பிள்ளை பெற்று ரெண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுப் போன தையில்தான் மறுபடி சேர்ந்தேன். சார் அன்றைக்கே சொல்லிவிட்டார்: “மூணு மாசம் பாப்போம் செல்வி. நம்ம கண்ணுல படாம கஸ்டமர் கண்ணுல படுற தப்பு மூணு வந்துச்சுன்னா, நீ வீட்டுல இருந்து பிள்ளையப் பாத்துக்கம்மா.” நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன்.

நிரப்பாத படிவம்

டெம்ப்ளேட் என்பது பத்திர ஆபீஸ் படிவம் மாதிரி. பெயர் எழுத கோடு போட்டு இடம் விட்டிருப்பார்களே, அந்தக் கோட்டுக்குப் பதிலாக நாங்கள் நெளிவு அடைப்புக்குறி போட்டு, உள்ளே ‘இங்கே இன்னது வரணும்’ என்று ஒரு குறிப்பு வைப்போம். யாராவது பக்கத்தைத் திறந்தால் சர்வர் அந்த இடத்தில் சரியான விவரத்தை நிரப்பி அனுப்பும். நான் சேர்ந்த ரெண்டாவது வாரம், தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் பக்கத்தை, படங்களையும் மற்றதையும் சர்வர் தொடாமல் அப்படியே அனுப்புகிற ஃபோல்டரில் போட்டுவிட்டேன். சர்வரும் சொன்ன பேச்சுக் கேட்டு, எதையும் நிரப்பாமல் வெறும் படிவத்தை ஊருக்கே அனுப்பியது.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் போன் போட்டார். ரூபி அக்கா பக்கத்தில் இருந்து வாயசைத்துச் சொல்லிக்கொடுக்க, நான் அதையே சொன்னேன்: “உங்க போன்ல பழசு நிக்குது சார், ஒருவாட்டி ரிஃப்ரெஷ் பண்ணுங்க.” அவர் அழுத்திக்கொண்டே இருந்தார், நான் ஃபைலை இடம் மாற்றிக்கொண்டே இருந்தேன். கோபமே இல்லாமல், பொறுமையாகக் கேட்டார் மனுஷர்: “ஏனுங்க, என் பேரு வர்ற எடத்துல இந்த நெளிஞ்ச அடைப்புக்குள்ள என்னமோ இங்கிலீசுல இருக்குதுங்களே, அது நானுங்களா?”

பண்ணைக்காரர் பேசாத பேச்சு

வத்தலக்குண்டில் ஒரு நாற்றுப்பண்ணை. பண்ணைக்காரரின் வெப்சைட்டில் செடிகளின் பட்டியல் வர வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் என்ன காட்டுவது என்றும் டெம்ப்ளேட்டில் எழுதி வைக்க வேண்டும். சோதித்துப் பார்க்கிறபோது, வீட்டில் என் மகளிடம் பேசுகிற வாய்க்கு வந்தபடி, “ஒண்ணும் இல்ல, போ” என்று அடித்து வைத்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான். அந்த ‘அப்புறம்’ வரவில்லை.

வந்தது வேறொன்று. புரோகிராமிலிருந்து பட்டியலை நான் ஒரு பெயரில் அனுப்ப, டெம்ப்ளேட் வேறு பெயரில் தேடியது. தேடியது கிடைக்காவிட்டால் அது கத்தாது, கேட்காது. இல்லை போலிருக்கிறது என்று தானே முடிவுகட்டிவிடும். முந்நூறு வகைச் செடி வைத்திருக்கிற மனுஷர், வருகிறவர்களையெல்லாம் ஒரு நாள் முழுக்கப் போகச் சொல்லியிருக்கிறார். அவரிடமும் அதே ரிஃப்ரெஷ் பேச்சு, அஞ்சு நிமிஷத்தில் பெயரைத் திருத்திவிட்டேன். செடியெல்லாம் வந்தபிறகும் அவருக்கு ஆறவில்லை: “அது எப்படிம்மா, என் போனு பழசக் காட்டும் சரி, நான் என்னைக்கு வாரவனப் பாத்து போன்னு சொன்னேன்?”

சாரின் கணக்கில் இதுவரை என் தப்பு பூஜ்யம்.

அடியில் பறந்த பலூன்

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். இனிமேல்தான் எனக்கு முகம் சுருங்குகிற இடம்.

லூர்து டீச்சர் ரிட்டயரானவர். வீட்டுக்காரர் தவறி இருபது நாள் ஆகியிருந்தது. சர்ச்சில் முப்பதாம் நாள் திருப்பலிக்குச் சொந்தபந்தங்களை அழைக்க ஒரு பக்கம் கேட்டார். இறந்தவர் படம், கோயில் பெயர், நேரம், அம்புட்டுதான். நாங்கள் எதையும் முதலிலிருந்து எழுத மாட்டோம். ஏற்கெனவே இருக்கிற ஒரு டெம்ப்ளேட்டை அடியாக வைத்துக்கொண்டு, வேண்டிய பகுதிகளை மட்டும் அதன்மேல் மாற்றி எழுதுவோம். மாற்றாமல் விட்ட பகுதி பழையபடியே வரும். நான் அடியாக வைத்தது பிறந்தநாள் அழைப்பு. தலைப்பை மாற்றினேன், நடுப்பகுதியை மாற்றினேன். அதற்குள் மணி நாலரை, பால்வாடியில் மகள் காத்திருப்பாள். கீழே தள்ளிப் பார்க்காமலே ஏற்றிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலையில் டீச்சர் கூப்பிட்டார். குரல் மெதுவாகத்தான் இருந்தது. பக்கத்தின் அடியில் நாலு பலூன், ‘கேக் வெட்டுறோம், கட்டாயம் வாங்க!’ நல்லவேளை, இன்னும் ஒருவருக்கும் லிங்க் அனுப்பவில்லையாம். இது மூணாவது. சார் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். என் வாய் தானாகவே சொன்னது: “உங்க போன்ல பழசு எதுவோ நிக்குது டீச்சர், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” அவர் பண்ணி முடிப்பதற்குள் பலூனை எடுத்துவிட்டேன். “ஆமாம்மா, போயிருச்சு,” என்றார் டீச்சர், திரும்பக் கூப்பிட்டு. “நாந்தான் எதையாச்சும் தொட்டுத் தொலைச்சிருப்பேன். கோவிச்சுக்காத.”

கைக்குட்டையில் சுற்றிய போன்

நாலு நாள் கழித்து டீச்சர் படியேறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, கைக்குட்டையைப் பிரித்து ஒரு போனை மேஜையில் வைத்தார். ஓரத்தில் கீறல் விழுந்த பழைய போன்.

“இது எங்க வீட்டுக்காரர் வச்சிருந்ததும்மா. அன்னைக்குப் பலூன் காட்டுச்சுல்ல, அத மருமகட்ட சொன்னேன். போன் கெட்டுப்போச்சு, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்கங்குறா. உங்களுக்குப் பாக்கத் தெரியல அத்தைன்னு, அழைப்பு அனுப்புறதையும் அவளே எடுத்துக்கிட்டா. இதுல அவரு பேசி அனுப்புனதெல்லாம் கெடக்கு. மாத்தாம ரிப்பேர் பண்ண முடியுமான்னு பாரு தாயி.”

ஆரோக்கியம் சார் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான டீச்சர் இருக்கு?” என்றார். ரூபி அக்கா ஸ்கிரீனுக்குள்ளேயே புகுந்துவிடுவது போலக் குனிந்துகொண்டார். அந்த நேரத்தில் எனக்கு வேலை நினைப்பு வராமல் இல்லை. வந்தது. மகளுக்கு வாங்கின புது ஸ்கூல் பை வரைக்கும் நினைப்பு போய்விட்டு வந்தது.

“போன்ல ஒண்ணும் இல்ல டீச்சர். பலூன வச்சது நான். நீங்க ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்குள்ள எடுத்ததும் நாந்தான். உங்க போன் மேல பழியப் போட்டேன்.” சார் பக்கம் திரும்பி மிச்சத்தையும் சொன்னேன்: “இது ஒண்ணு இல்ல சார், மூணு.” பள்ளிக்கூடம், நாற்றுப்பண்ணை எல்லாம் வந்தது.

சார் போனை மேஜையில் வைத்தார். “ஒரு கஸ்டமரும் குறை சொல்லலியேன்னு நம்ம சர்ச்சுப் பங்குச் சாமியார்கிட்டகூட உன்னையப் பெருமையாச் சொன்னேனேம்மா,” என்றார். திட்டியிருந்தால் தேவலை. அப்புறம் ரூபி அக்கா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: “அந்த மூணு மாசம் செல்லாது. இன்னைலருந்து மறுபடி மூணு மாசம். இனி நான் அடி வரைக்கும் பாக்காம ஒரு பக்கமும் மேல ஏறக் கூடாது.”

தப்பைச் சரிபண்ண எனக்கு நாலு நிமிஷம், அது என் தப்பு என்று சொல்ல நாலு நாள். என் தொழில் திறமை இம்புட்டுதான்.

டீச்சர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தப் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி, மணி அடிக்க அடிக்க என் கையில் கொடுத்தார்.

“மருமக எடுப்பா. இப்ப எனக்குச் சொன்னியே, அத ஒரு வார்த்த விடாம அவகிட்டயும் சொல்லு தாயி.”