நாற்பது அடிச் செய்யானும் ஒரு ஜோடிச் செருப்பும்

ஜெயித்துவிட்டேன்! அதுவும் அருமனை பஸ்ஸில்!

ஒரு திகில் படத்துக்காக நாற்பது அடி நீளப் பூரான் ஒன்றைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்று முறை அனுப்பியும் இயக்குநரிடமிருந்து ஒரே பதில்தான்: "பயமே வரல."

இன்று மதியம் பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்து அதை ஓடவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த, ரப்பர் பால்வெட்டும் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இது செய்யானா மோளே?"

பெரிய பூரானுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"ஆமாக்கா. படத்துக்கு நான் செய்தது."

"செய்யான் இப்பிடி வெறச்சிட்டா வரும்? மீசைய ஆட்டி ஆட்டி, தடவிப் பாத்துட்டுல்லா வரும்! ரப்பர் மரத்துல கவுத்தி வச்ச பால் சிரட்டைய நிமித்தும்போ நான் எத்தன கண்டிருக்கேன்!"

அந்த இடத்திலேயே மீசை இரண்டையும் அசைய வைத்தேன். அது திரையைத் தடவிக்கொண்டே எங்களை நோக்கி வந்தது.

"அம்மோ!"

அக்காவின் இரண்டு கால்களும் சீட்டுக்கு மேலே ஏறிவிட்டன. செருப்பு மட்டும் கீழே கிடந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது!

அவர் இறங்கும் இடம் வந்தது. செருப்பை எடுத்துக் கவிழ்த்து, இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே பார்த்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டார்.

நாற்பது அடிப் பூரான் செருப்புக்குள் எப்படியக்கா நுழையும் என்று சிரித்தேன்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் என் செருப்பைக் கழற்றி நானும் இரண்டு தட்டுத் தட்டினேன்.

நீங்கள் யாரும் தட்டவே மாட்டீர்களாக்கும்?