பீரோவுக்குள் இருந்த மணிகள்

பிரிசில்லா டீச்சரைக் கோபக்காரி என்று சொல்பவர்கள், அவர் எதற்குக் கோபப்படுகிறார் என்று கேட்டதே இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி இருக்கும் எங்கள் தொடக்கப்பள்ளியில் நான் அவருக்கு அடுத்த வகுப்பில் பாடம் எடுக்கிறேன். நான் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கணக்கு பழக்க, மணிகளும் மரக்கட்டைகளும் நிறைந்த பெட்டியொன்றை அரசாங்கம் கொடுத்தது. அன்றே அது பீரோவுக்குள் போனது. தலைமையாசிரியர் தேவநாதன் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். சாவியும் அவரோடே போய் வரும். அதிகாரி வந்தால் திறந்து மேசைமேல் பரப்புவார். அதிகாரி கிளம்பியதும் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டுவார். பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடுமாம். இதைவிடக் கேவலம் உண்டா?

நான்காம் வகுப்பில் பவானி என்று ஒரு பிள்ளை. தாளில் எண்களைப் பார்த்தாலே பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். எல்லாப் பரீட்சையிலும் முட்டை. பிரிசில்லா புளியங்கொட்டையை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கணக்கைக் கடகடவென்று போட்டாள்.

"இது கிளாஸா, பல்லாங்குழி ஆடுற எடமா?" என்று அதை வாரி வெளியே கொட்டச் சொன்னார் தேவநாதன்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் பவானியின் அம்மா அமராவதி வந்தார். கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை. "படிப்பு ஏறலன்னு சார் சொல்லிட்டாரு. சின்னவனப் பாத்துக்கவாவது ஆவட்டும். நிறுத்திக்கிறேன் டீச்சர்."

பிரிசில்லா பவானியையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரே தலைமையாசிரியரிடம் போனார். "சாவி குடுங்க சார். இவளுக்கு மணிய வச்சு டெஸ்ட் வைக்கணும்."

"தொலைஞ்சா யாரு பதில் சொல்றது? தாள்ல எழுதுனாத்தான் மார்க்."

வாசலில் கிடந்த செங்கல்லை எடுத்துவந்து, பீரோவில் தொங்கிய பூட்டை உடைத்தார் பிரிசில்லா. ஐம்பத்துநாலு மணியை ஆறு பேருக்குப் பங்கு வைக்கச் சொன்னார். பவானி தரையில் உட்கார்ந்து ஆறு குவியலாகப் பிரித்தாள்.

"ஆளுக்கு ஒம்போது டீச்சர்."

அடுத்த கணக்கும் சரி. அதற்கடுத்ததும் சரி. அமராவதி மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு அனுப்புறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினார்.

அரசுப் பொருளைச் சேதப்படுத்தியதாகப் பிரிசில்லாவுக்கு மெமோ வந்தது. ஒரு பிள்ளையின் படிப்பையே பூட்டி வைத்தவருக்கு எந்த மெமோவும் இல்லை.

ஆனால் பெட்டி திரும்பப் பீரோவுக்குப் போகவில்லை, பிரிசில்லா விடவில்லை. போன மாதம் அந்த மெமோ பற்றி விசாரிக்க வந்த அதிகாரி, வகுப்பில் ஒரு மணியை எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா, எல்லாம் இவ்வளவு அழுக்கா இருக்கு?"

"புள்ளைங்க கை பட்டா அழுக்காத்தான் சார் ஆவும். சுத்தமா இருந்தப்பத்தான் நீங்க கேட்டிருக்கணும்."

தரையில் குவியல் பிரித்துக்கொண்டிருந்த பவானி அவரிடம் கையை நீட்டினாள்.

"அந்த மணியக் குடுங்க சார். ஒண்ணு கொறையுது."