நாக்கு நுனியில் ஒரு திருக்கைப் பல்

கண்டியிலிருந்து கடல் வெகு தூரம். ஆனாலும் அதை ஒட்டியிருக்கும் அம்பிட்டியவில் நான் வேலைக்குப் போன அறையின் கதவைத் திறந்தால் கடல் வாசம் அடிக்கும். எனக்கு மட்டும்தான் அடித்ததோ என்னவோ. புத்தளம் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையை உடைத்து, அலசி, காயவைத்த மண் அங்கே மூட்டை மூட்டையாகச் சுவரோரம் கிடந்தது. மனிதர் யாரும் பிறக்காத காலத்தில் அந்தப் பாறை கடலடியாக இருந்ததாம். மண்ணைத் தட்டில் பரப்பி, பூதக்கண்ணாடி விளக்கின் கீழே வைத்து, அதில் கிடக்கும் திருக்கை மீன் பற்களைப் பொறுக்க வேண்டும். அதுதான் என் வேலை.

எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆராய்ச்சி செய்த யாழ்ப்பாணத்து மிஸ் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கண் நன்றாகத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். பக்கத்தில் உட்கார்த்திவைத்து அடையாளம் சொல்லித் தந்தார். சுறாப் பல் கூர். நான் தேட வேண்டிய திருக்கைப் பல் தட்டை. மேல்பக்கம் மினுங்கும். திருப்பினால் வேர் இரண்டு காலாகப் பிரிந்து, நடுவில் ஒரு பள்ளம் ஓடும். சில பற்கள் அரிசிக் குருணை அளவுகூட இராது. திருக்கைக்கு எலும்பு கிடையாது, செத்தால் உடம்பெல்லாம் கரைந்துபோய்ப் பல் மட்டும்தான் மிஞ்சும் என்றும் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகு தட்டைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. உடம்பு போய் வாய் மட்டும் மண்ணுக்குள் காத்துக்கிடப்பது போல் தோன்றும். பற்களோ நேற்று விழுந்தவை போல் மினுமினுக்கும். பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளும்போது கரகரவென்று யாரோ மெல்லுகிற சத்தம். கையை நிறுத்திய பிறகும் அது கொஞ்சம் கேட்பது போலிருக்கும்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். முதல் பிள்ளை அதே ஐந்தாம் மாதத்தில்தான் தங்காமல் போயிற்று. ஹந்தானை மலையிலிருக்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும்போது ஒரு குலுக்கல் வந்தாலும் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

பல்லை எடுக்க பிரஷ் நுனி ஈரமாக இருக்க வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் இருந்தாலும் நாக்கில் ஒரு தடவை தொட்டுக்கொள்வதுதான் சுளுவு. மிஸ்ஸும் அப்படித்தான் செய்வார். அன்று காலை ஒரு நல்ல பல் கிடைத்தது. தட்டை, இரண்டு கால், நடுவே பள்ளம். பிரஷ்ஷில் ஒட்டி எடுத்தேன். மிஸ் ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டே பிரஷ்ஷை நாக்கில் தொட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் பிரஷ்ஷில் பல் இல்லை. நாக்கில் உப்புக் கரித்தது.

மேசை, தரை, என் சட்டை மடிப்பு என்று இரண்டு பேரும் தேடினோம். எங்கும் இல்லை.

"விழுங்கினாலும் ஒண்டும் செய்யாது. அது கல்லுத்தானே, பயப்பிடாதேயும்" என்றார் மிஸ்.

"கல்லாப் போனது சரி மிஸ். ஆனா பல்லுதானே?"

அவர் குனிந்து தரையை இன்னொரு தடவை பார்த்தார். "ஓம்" என்றார்.

என் வீட்டுக்காரர் த்ரீவீல் ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொன்னதும், "வேலை செய்ற எடத்துல சாப்பாடும் போடுறாங்கன்னு நீ சொல்லவே இல்லியே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்த பிள்ளை உதைப்பதை விட்டுவிட்டது. அதற்குப் பதிலாக உள்ளே அகலமாக ஏதோ ஒன்று மெதுவாக விரிந்து, சுருங்கி, நழுவிப் போனது. யாரிடம் சொல்ல முடியும்? வரச் சொன்ன நாளுக்குக் காத்திராமல் ஸ்கேன் எடுக்கப் போனேன்.

அறையை இருட்டாக்கினார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் மண் மண்ணாகத் தெரிந்தது, என் தட்டு மாதிரியே. பழக்கதோஷத்தில் என் கண் தானாகத் தேடியது. தாடை இருந்த இடத்தில் வெள்ளையாக வரிசைப் புள்ளிகள். விரலை நீட்டி அதைக் காட்டினேன். டொக்டர் சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த மாதத்தில் ஈறுக்குள் பல்முளை தெரியுமாம். இதயம் நன்றாக அடிக்கிறதாம். அந்த நேரத்தில் பிள்ளை வாயைத் திறந்து மூடியது. தண்ணீர் குடிக்கிறது, நல்லதுதான் என்றார் அவர்.

வெளியே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப எல்லாம் சரிதானே" என்றார்.

"தண்ணிதான் குடிச்சிச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர் வண்டியை எடுத்தார்.

மகன் மாதம் நிறைந்து சுகமாகப் பிறந்தான். முதல் பல் முளைத்த அன்று வீடே கொண்டாடியது. நான் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். தட்டையில்லை, கூராக இருந்தது. அன்றைக்குத்தான் வயிறாரச் சோறு தின்றேன்.

இப்போது பின் ஈறு தடித்திருக்கிறது. கடைவாய்ப் பல் வரப்போகிறதாம். அது தட்டையாகத்தான் இருக்கும், எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான். தெரியாமலில்லை. ஆனாலும் அவன் வாயைத் திறந்தாலே என் விரல் உள்ளே போய்விடுகிறது. நேற்று அந்த விரலைக் கவ்விக்கொண்டவன் சீக்கிரத்தில் விடவில்லை. என் முகத்தைப் பார்த்தபடியே, அவசரமில்லாமல், மென்றுகொண்டிருந்தான்.