ஞாயிற்றுக்கிழமை யாரோடு ஆட்டம்?

விற்றான் என்கிறாளே, விற்றவன் வீட்டுக் கூரையா மூன்று இடத்தில் ஒழுகும்? தேவாலய வாசலில் நாலு பேர் கேட்க பக்கத்து வீட்டு வெர்லீனிடம் இதைத்தான் கேட்டேன். பழைய அணியின் ரகசியத்தை எதிரணிக்கு விற்றுவிட்டு என் பேரன் கெண்ட்ரெல் என்னிடம் வந்து பதுங்கியிருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். கரும்பாலைச் சங்குக்கு முன்னால் அவள் வாய் ஊதிவிடும்.

நடந்ததை நான் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாதிரியார் மனைவி எழுதுகிறாள். மாற்றாமல் எழுதினாளா என்று வேறொருத்தியை வாசிக்கச் சொல்லிப் பார்ப்பேன்.

கெண்ட்ரெல் என் மகள் பிள்ளை. எங்கள் நாட்டு ஃபுட்பாலைக் கையால்தான் ஆடுவார்கள்; பந்தை எறிகிறவன் ஒருவன், ஓடிப்போய்ப் பிடிக்கிறவன் ஒருவன். இவன் பிடிக்கிறவன். லூசியானாவின் இந்தக் கரும்புக்காட்டிலிருந்து வடக்கே ஓர் அணிக்குப் போய் மூன்று வருடம் இருந்தான். அணியின் பெயரைச் சொல்லமாட்டேன்; அவர்களிடம் வக்கீல்கள் இருக்கிறார்கள். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தட்டில் முட்டையோடு நின்றவனின் தோளை ஒருவன் தொட்டான். "கோச் கூப்பிடறாரு. டேப்லெட்டையும் எடுத்துட்டு வா." ஆட்டத் திட்டமெல்லாம் அதில்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கினால் வேலை போயிற்று என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். முட்டையையாவது தின்ன விட்டார்களா என்று கேட்டேன். இல்லையாம்.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் மேற்கேயிருந்து ஓர் அணி கூப்பிட்டது. உன் கைதான் வேண்டும் என்றார்களாம். கை வேண்டும் என்கிறவன் ஒரு பந்துகூட எறிந்து பார்க்காமல் கையெழுத்து வாங்குவானா? எனக்கு அப்போதே உறுத்தியது. அவன் போனான். ஆட்டத்துக்கு முந்தைய நான்கு நாளும் பந்து அவன் பக்கமே வரவில்லை. இருட்டறையில் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, வடக்கு அணிக்காரன் தலையைத் தட்டினால் என்ன அர்த்தம், தொடையைத் தட்டினால் என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். அந்த ஞாயிறு அவர்களுக்கு வடக்கு அணியோடுதான் ஆட்டம். சம்பளம் தருகிறவன் கேட்டால் சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம். இவனும் தெரிந்ததைச் சொன்னான்.

அங்கேதான் பிசகினான். ஒருவனை அணியிலிருந்து நீக்கினால் அவனுக்குத் தெரிந்த சைகைகளை அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். முன்னால் போனவர்களுக்காக இவனே எத்தனை முறை புதுச் சைகை படித்திருக்கிறான்! தன் விஷயத்தில் அது தோன்றவில்லை. கேட்டால் தலையைச் சொறிகிறான். தலையைத் தட்டினால் குறுக்கே ஓடுவான் என்று மேற்கு அணி காத்திருக்க, வடக்கு அணிக்காரன் நேராக ஓடிப் பந்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். தோற்றார்கள். திங்கட்கிழமை இவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னான் என்றார்கள் மேற்கே. காட்டிக்கொடுத்தான் என்றார்கள் வடக்கே. விற்றான் என்றாள் வெர்லீன்.

அப்புறம் போன் ஒலிக்கவில்லை. இருபத்தேழு வயது, இந்தப் பருவம் போனால் இளசுகள் வந்துவிடுவார்கள், பிறகு கூப்பிட ஆளிருக்காது. இவனோடு வெளியே வந்தவர்களில் ஒருவன் கார் விற்கிறான். இன்னொருவன் போனை நெஞ்சில் வைத்தே தூங்குகிறானாம். இவனுக்கு ஆலையில் லாரி ஓட்டும் வேலை பேசிவைத்திருந்தார் பாதிரியார். இவனோ தினமும் என் சமையலறைச் சுவரில் டென்னிஸ் பந்தை அடித்து அடித்துப் பிடித்தான். பீன்ஸ் வேகிற பானை ஆடும்.

நவம்பரில் கிழக்கே ஓர் அணி நாளைக்கே வரச் சொன்னது. பையைக் கட்டினான். நான் பையின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"ஞாயித்துக்கெழம யாரோட ஆட்டம்னு கேட்டியா?"

"வடக்கு இல்ல பாட்டி. அவங்களே சொன்னாங்க."

"கோழிய எண்ணிச் சொல்ல நரியவாடா கேக்கறது?"

எல்லா அணிகளின் ஆட்ட அட்டவணையும் செய்தித்தாளில் வந்திருந்தது. அவனை வாசிக்கச் சொல்லமாட்டேன். போக ஆசைப்படுகிற கண் வேண்டியதைத்தான் வாசிக்கும். இருபது நாளாகப் பேசாத வெர்லீன் வீட்டுக்கே அதைக் கொண்டுபோனேன்.

"இப்ப மட்டும் என் கண்ணு வேணுமாக்கும்" என்று கண்ணாடியைத் தேடினாள். விரலை வைத்துக்கொண்டே போனாள். இந்த ஞாயிறு வடக்கு இல்லை. அடுத்ததும் இல்லை. விரல் நின்றது. "மூணாவது ஞாயிறு வடக்குதான்க்கா." வாழ்நாளில் முதல்தடவையாக மெதுவாகச் சொன்னாள்.

திரும்பி வந்து மறுபடி பையின் மேல் உட்கார்ந்து சொன்னேன். அவன் முகம் மாறவில்லை.

"தெரியும் பாட்டி. நேத்தே பாத்துட்டேன்."

"தெரிஞ்சுமாடா போற?"

"மூணு வாரம் இருக்குல்ல. அதுக்குள்ள எம்பக்கம் ஒரு பந்தாவது வரும். பிடிச்சுக் காட்டிட்டா, அப்புறம் கையத்தான் கேப்பாங்க, வாயக் கேக்கமாட்டாங்க."

நான் எழுந்துகொண்டேன். பீன்ஸும் சோறும் போட்டு, தட்டு காலியாகும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். முட்டையைக்கூடத் தின்னவிடாதவர்கள் அவர்கள். சைகை பற்றிக் கேட்டால் மறந்துவிட்டது என்று சொல் என்றேன். சிரித்தான், சரி என்று சொல்லவில்லை. வேலியோரம் வெர்லீன் நின்றாள், வாயை மூடிக்கொண்டு. கரும்புச் சருகு எரிந்த கரி முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. பையைத் தோளில் போட்டுக் கதவைத் தாண்டிப் போனான். டென்னிஸ் பந்தை மட்டும் அடுப்பு மேடையில் விட்டுவிட்டான். போனில் கேட்டால் மறந்துபோய் என்கிறான். நான் நம்பவில்லை.