கதை கேட்காமல் ஒரு சாப்பாடு

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னை மடக்கிப் பிடித்தார். வாசுதேவநல்லூர்க்காரர். நல்ல மனுஷர், தாராளமான கை. ஆனால் அன்றைக்கு முகம் சரியில்லை.

"என்ன அண்ணாச்சி, பிள்ளைக இல்லத்துல கதை சொல்லுதத நிப்பாட்டிட்டியளாமே? அப்பம் நாங்க எதுக்கு வந்து சாப்பாடு போடணும்?"

"பிள்ளைகளுக்குப் பசிக்குமே... அதுக்குத்தான்" என்றேன்.

ஜோக் எடுபடவில்லை. ராஜபாளையம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். ஜன்னல் வழியாகவும் முறைத்துக்கொண்டேதான் போனார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எப்படி வரும்? மூன்று மாதத்துக்கு முன்பு வரை நானும் அவர் பக்கத்து நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன்!

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் ஊர் முடிகிற இடத்தில் ஓர் இல்லம் இருக்கிறது. வீட்டில் அடிபட்டு, சூடுபட்டு, திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்ப முடியாத பெண் பிள்ளைகள் இருபது பேர் அங்கே இருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் கமிட்டி போட்டு நடத்துகிறோம். தலைவர் பாத்திரக்கடை அண்ணாச்சி. நானும் ஒரு மெம்பர். "எழுதத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு வேணும்லா" என்று சேர்த்துக்கொண்டார்கள். சேர்ந்ததிலிருந்து நான் எழுதியதெல்லாம் அங்கே இருக்கும் விசிட்டர்ஸ் புத்தகத்தில்தான். 'இங்கே அன்பு குடியிருக்கிறது' என்கிற ரகம்.

வருஷத்துக்கு ஒரு தடவை மேலே இருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார். வருகிற தேதி எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். சுவருக்குச் சுண்ணாம்பு, பிள்ளைகளின் தலைக்கு எண்ணெய், அதிகாரிக்குக் கேசரி. அவர் பாயை எண்ணுவார், டம்ளரை எண்ணுவார், பிள்ளைகளையும் எண்ணுவார். எல்லாம் சரியாக இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார். நாங்களும் ரொம்பச் சரியாக நடத்துகிறோம் என்று நினைத்துக்கொள்வோம்.

இனி அந்தக் கதை சொல்கிற சமாச்சாரம்.

பிறந்த நாள், கல்யாண நாள், காதுகுத்து, திதி... யார் வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். நல்ல பழக்கம்தான். குட்டியானை சைஸ் அண்டாவில் சாம்பார் சாதம் வந்து இறங்கும். கொண்டுவந்த குடும்பத்துக்கு முன்வரிசையில் நாற்காலி. பிள்ளைகள் ஒரு பாட்டுப் பாடுவார்கள். பிறகு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, "உனக்கு என்ன நடந்துச்சின்னு இவங்ககிட்ட சொல்லு" என்பார்கள். அது சொல்லும். நாங்கள் அழுவோம். அப்புறம் பந்தி.

எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவே இல்லை என்பதுதான் ஆச்சரியம். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது சார். கேட்டால் மனசு இளகும், இளகினால் அடுத்த விசேஷத்துக்கும் வருவார்கள். இவ்வளவுதான் எங்கள் கணக்கு.

பெரும்பாலும் கூப்பிடப்படுகிறவள் கோமதி. நிஜப் பெயர் வேறு. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு, அதனால் இந்தப் பெயர் பத்திரம். ஒன்பது வயது. வலது கையில், முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுக் காயம். அது எப்படி வந்தது, யாரால் வந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

அவள் ரொம்பத் திருத்தமாகச் சொல்வாள். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது பாவாடையில் கண்ணைத் துடைக்க வேண்டும், எப்போது கையை நீட்டிக் கட்டை விலக்கிக் காட்ட வேண்டும்... எல்லாம் அத்துப்படி. "பிள்ளைக்கு என்னா ஞாபக சக்தி!" என்று நானே பாராட்டியிருக்கிறேன்.

அந்தக் காயம் மட்டும் ஆறவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், நாலு மாதம்... கொஞ்சம் காய்ந்து வரும், மறுபடியும் சிவந்துவிடும். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஊதா மருந்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். எங்கள் ஊரில் ஆறாத புண் என்றால் அடுத்து எங்கே போவோம்? கோயிலுக்குத்தான். தலைவர் தன் கையாலேயே கோயில் பிரசாதமான புற்றுமண்ணை வாங்கிவந்து கொடுத்தார். அம்பாளுக்கு நேர்ந்தும் கொண்டார். சமையல்கார அம்மா அந்த மண்ணைப் பக்தியோடு புண் மேலேயே அப்பினாள்.

இந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா வந்து சேர்ந்தாள். பாளையங்கோட்டைப் பெண். மதுரையில் சமூக சேவைப் படிப்பு படித்துவிட்டு, ஒரு ரெக்ஸின் பையோடு வந்து இறங்கினாள். பழைய வார்டன் அம்மா ஓய்வு எடுத்துக்கொண்டதால் இவளைப் போட்டோம். "ஆறு மாசம் பாப்போம்" என்று தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

வந்த அன்றைக்கே சமையல்கார அம்மாவிடம், "சாமி மண்ண நெத்தியில பூசுங்கம்மா. கையில மட்டும் வேண்டாம்" என்று சொன்னாளாம். மறுநாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் போட்டாள். சாப்பிட்டதா, தூங்கியதா, காய்ச்சல் உண்டா, யார் பார்க்க வந்தார்கள்... தினமும் எழுதுவாள். "இதென்னம்மா, ஆஸ்பத்திரியா நடத்துதோம்?" என்று தலைவர் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நம்முடைய வாசுதேவநல்லூர்க்காரர் மகள் காதுகுத்துக்காகச் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். பாட்டு முடிந்தது. கோமதி எழுந்து நடுவில் வந்து நின்றாள். வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா போய் அவள் கையைப் பிடித்து, "இவளுக்குக் கட்டு மாத்தணும் சார், மன்னிச்சிக்கோங்க" என்று உள்ளே கூட்டிப் போய்விட்டாள்.

வந்தவருக்குப் பெருத்த அவமானம். தலைவருக்கு அதைவிடப் பெருத்த கோபம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவசரக் கமிட்டி. பேச வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான் - ஸ்டெல்லாவை அனுப்பிவிடுவதா, உடனே அனுப்பிவிடுவதா?

நான் எந்தப் பக்கம் என்கிறீர்களா? காப்பி வரும் வரைக்கும் தலைவர் பக்கம்.

"ஏம்மா, கதை கேக்கலன்னா எவன் வந்து சாப்பாடு போடுவான்? பிள்ளைக பட்டினி கெடக்கவா?" என்றார் தலைவர்.

ஸ்டெல்லா மேஜை மேல் எங்கள் விசிட்டர்ஸ் புத்தகத்தை விரித்தாள். பக்கத்தில் கோமதியின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு குண்டூசி குத்தி வைத்தாள். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தாள்.

சித்திரையில் ஒரு குடும்பம் விசேஷத்துக்கு வந்தது. மறுநாள் கோமதிக்குப் புண்ணில் ரத்தம், ஆஸ்பத்திரி. வைகாசியில் இன்னொரு குடும்பம். மறுநாள் ஆஸ்பத்திரி. ஆனியில் யாரும் வரவில்லை. காயம் நன்றாகக் காய்ந்துவிட்டதாகக் கம்பவுண்டர் சீட்டிலேயே எழுதியிருந்தார். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு இரண்டு குடும்பம். இரண்டு தடவை ஆஸ்பத்திரி.

அந்த இரண்டில் ஒன்று என் குடும்பம். என் கையெழுத்துக்கு மேலே 'அன்பு குடியிருக்கிறது' என்று நானே அழகாக எழுதியிருந்தேன்.

"என்னம்மா சொல்லுத? வாரவங்க கண்ணு பட்டுப்போகுதுன்னா?" என்றார் தலைவர். பாவம், அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"இல்ல சார். சாப்பாட்டுக்கு ஆள் வாராங்கன்னு தெரிஞ்சா அன்னைக்குக் காலையிலயே அவ புண்ணு மேல பொருக்கப் பேத்து எடுத்துருதா. நகத்தால. நான் கேட்டேன், ஏன் மக்கா இப்படிச் செய்யுதேன்னு."

"என்ன சொன்னா?"

"'ஆறிப்போச்சின்னா என்னைய யாரும் கூப்பிட மாட்டாவல்லா டீச்சர்'னு சொன்னா."

காப்பி வந்தது. யாரும் எடுக்கவில்லை.

எனக்கு ஆடித் தபசு நாள் ஞாபகம் வந்தது. திருவிழா பார்க்க மெட்ராஸிலிருந்து வந்திருந்த மச்சினரையும் அன்றைக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஆனி மாதம் முழுக்க ஆறிக்கொண்டு வந்த கை. காலையில்தான் பேர்த்திருப்பாள் போல, ஓர் ஓரம் மட்டும் சிவந்திருந்தது. அவள் கதை சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். நான் மச்சினரிடம் திரும்பி, "முன்னால இதவிடப் பெரிசா இருந்துச்சி" என்றேன். அவள் காது கேட்கத்தான் சொன்னேன். இருந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைப்பு. வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கியிருக்கிறேன்!

அதைக் கமிட்டியில் எழுந்து சொன்னேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

தலைவர் அந்தச் சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். "நான் ஒவ்வொரு வாட்டியும் அழுதேன்லாம்மா..." என்றார், ஏதோ நியாயம் கேட்பது மாதிரி.

"அதத்தான் சார் அவளும் பாத்தா" என்றாள் ஸ்டெல்லா. குரலில் கோபமே இல்லை. "அவ நம்மள ஏமாத்தல. நமக்கு எது வேணுமோ அத அவ ஆறவிடாம வச்சிருந்தா. அவ்வளவுதான்."

ஸ்டெல்லாவை அனுப்புகிற பேச்சு அதோடு போயிற்று. கதை சொல்கிற வழக்கத்தை அன்றைக்கே நிறுத்தினோம். சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் வரலாம், பரிமாறலாம், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். நாற்காலி கிடையாது, கேள்வியும் கிடையாது. "நீருதான் எழுத்தாளராச்சே, ஒரு போர்டு எழுதும்" என்றார் தலைவர். 'பிள்ளைகளிடம் பெயர், வகுப்பு மட்டும் கேட்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். ஸ்டெல்லா படித்துப் பார்த்துவிட்டுப் 'பெயர்' என்பதை அடித்துவிட்டாள். என் எழுத்தில் கைவைக்கப் பத்திரிகை ஆசிரியரே யோசிப்பார்!

கிளம்புகிற நேரத்தில் அவள் இன்னொன்று கேட்டாள். அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"சார், என் நோட்டையும் மாசா மாசம் யாராவது படிச்ச ஆளு வந்து பாக்கணும். சொல்லாம வரணும். நானும் தப்பு செய்வேன்லா... எனக்கே தெரியாம."

தன்னைச் சோதிக்க ஆள் போடு என்று கேட்கிற ஒருவரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அங்கே நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். எங்களுக்கு மனசு உண்டு, கண்ணீர் உண்டு, சாம்பார் சாதமும் உண்டு. யாராவது நம்மைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. நல்லவர்களுக்கு எதற்குச் சோதனை என்ற நினைப்புதான். ஊரில் இருக்கிற ஒரு லேடி டாக்டர் ஒத்துக்கொண்டார். மாதம் ஒரு தடவை, எந்த நாள் என்று அவருக்கு மட்டுமே தெரியும். முதல் தடவை வந்தபோது ஸ்டெல்லாவின் நோட்டில் இரண்டு தவறு கண்டுபிடித்தாராம். ஸ்டெல்லா அதை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

விசேஷச் சாப்பாடு குறைந்ததா என்றால், குறைந்தது. மறைக்க வேண்டியதில்லை. சில பேர் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். அந்த நாட்களில் இல்லத்துச் சமையலே ரசமும் துவையலுமாக ஓடுகிறது. பட்டினி இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் பிறந்த நாள். (எத்தனை என்று கேட்காதீர்கள்.) வீட்டில் செய்த புளியோதரையோடு இல்லத்துக்குப் போனேன். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எழுந்திருக்க மட்டும் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம் வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். எதிரே கோமதி. இன்னும் மூன்று பிள்ளைகளோடு சொட்டாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். கையில் கட்டு இல்லை. காயம் இருந்த இடத்தில் வெளுத்த தோல் மட்டும். கல்லை மேலே வீசி, புறங்கையில் ஏந்தி, மறுபடி வீசி... என்ன லாகவம்!

நான் லேசாக இருமினேன். திரும்பவில்லை. செருப்பைச் சத்தமாக நகர்த்தினேன். ம்ஹூம். கடைசியில் அவளே நிமிர்ந்தாள்.

"சார், கொஞ்சம் அங்கன தள்ளி உக்காருங்க. கல்லு உங்க பக்கம் விழுது."

அவ்வளவுதான். மறுபடி ஆட்டத்தில் குனிந்துவிட்டாள். நான் யாரென்று கவனித்த மாதிரியே தெரியவில்லை.

தள்ளி உட்கார்ந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம்.