அவன் பெயரைச் சொல்லாத மேடை

காலை ஏழு மணிக்கு உலு யாமில் லெட்சுமி அக்காவின் வீட்டு முன் காரை நிறுத்தினேன். நான் குடியிருப்பது ரவாங்கில். கோல சிலாங்கூருக்குப் போக வேண்டியவள், முதலில் நேர் எதிர்த்திசையில் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்திருந்தேன். மறுபடியும் ரவாங் வழியாகத்தான் போக வேண்டும். முந்தின வாரம் அவர் போன் செய்து, "நானும் வரேன் தங்கச்சி. ஒங்க காடியில எடம் இருக்குமா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது?

லெட்சுமி என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. பெயரை மாற்றி எழுதினால் சரி என்றார். மகனுக்கு மட்டும் மாற்றுப் பெயர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கட்டுரையில் அவன் பெயரில்லாமலே வருவான்.

கோல சிலாங்கூருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் என் மகள் தர்ஷினியோடு ஒரே வகுப்பில் படித்தவன் அவன். மாணவர் விடுதி கல்லூரியிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டம். முன்பு ஓடிக்கொண்டிருந்த விடுதி பஸ்ஸைக் கல்லூரி நிறுத்திவிட்டது. வசதி இருந்த பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள்; மற்றவர்கள் அவர்கள் பின்னால் ஏறிக்கொண்டார்கள். போன வருடம் மழை பெய்த ஒரு சாயங்காலம், விளக்கில்லாத அந்தச் சாலையில், பழுதாகி நின்றிருந்த செம்பனை லோரியின் பின்புறத்தில் அவன் போய் மோதினான். அப்போது அவனுக்கு இருபது வயது.

இப்போது அங்கே மாணவர் பேரவைத் தலைவர் தேர்தல். ஓட்டுப் போடுவதற்கு முன் வேட்பாளர்கள் மூவரும் மாணவர்கள் முன்னால் மேடையேறி விவாதிக்க வேண்டும். பெற்றோர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். மூவரில் ஒருத்தி தர்ஷினி. பஸ்ஸைத் திரும்பக் கொண்டுவருவேன் என்பதுதான் அவளுடைய ஒரே வாக்குறுதி. நண்பனின் பெயரைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பேன் என்று வீட்டில் எனக்குப் பேசிக் காட்டியிருந்தாள். அதைக் கேட்கத்தான் அக்கா வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரவாங்கில் ஒரு கடையில் பசியாறினோம். ஆளுக்கு ஒரு தோசை, தே தாரேக் டீ, எல்லாம் சேர்த்துப் பத்து வெள்ளி. அக்கா தோசையில் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டார்.

"தர்ஷினி நல்லா பேசுமா?"

"பேசுவாக்கா. சின்னதுலருந்தே வாய்தான் அவளுக்கு."

"எம் மகனும் சொல்வான். அவ எந்திரிச்சு பேசுனா லெக்சரரே ஒக்காந்துருவாரும்மான்னு." சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ரவாங்கிலிருந்து கோல சிலாங்கூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். தொழிற்பேட்டைகள் முடிந்ததும் சாலை குறுகிவிடுகிறது. பெஸ்தாரி ஜெயாவை எங்கள் ஆட்கள் இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார்கள். அதைச் சுற்றிலும் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகள். வானம் இருண்டிருந்ததால் தண்ணீரும் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. அதற்கப்புறம் இருபக்கமும் செம்பனை. எவ்வளவு தூரம் போனாலும் அதே மரம், அதே நிழல்.

ஓரிடத்தில் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்தி, அது கண்ணுக்கு மறைந்த பிறகே காரை எடுத்தேன்.

ஒன்பதரைக்குக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலிலிருந்து மண்டபம் வரை வேட்பாளர்களின் படங்கள். தர்ஷினி கருப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். அக்காவைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அக்கா அவள் கையை விடவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா கண்ணு?"

"கேளுங்க ஆன்ட்டி."

"மேடையில எம் மகன் பேர சொல்லாத."

தர்ஷினிக்குப் புரியவில்லை. "காலேஜ் ஒண்ணும் பண்ண முடியாது ஆன்ட்டி. நான் பாத்துக்குறேன், பயப்படாதீங்க லா."

"பயந்துகிட்டு சொல்லலம்மா. அவன் பேரு நெட்டுல எங்க வந்தாலும் கீழ எழுதுறாங்க. ரெம்பிட் பையன், ரேஸ் ஓட்டுனான், செத்தான், நல்லா வேணும்னு எழுதுறாங்க. எங்க சின்னது அதப் படிச்சுப் படிச்சு ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு ஒக்காந்துருச்சு. இப்பத்தான் கொஞ்சம் அடங்கியிருக்கு. மறுபடி கெளப்பாத."

அவன் ரேஸ் ஓட்டவில்லை. நண்பன் ஒருவனை விடுதியில் இறக்கிவிட்டு, இன்னொருவனை ஏற்றிவரக் கல்லூரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். தெருவில் பைக் பந்தயம் விடும் பையன்களுக்கு இங்கே வைத்திருக்கும் ரெம்பிட் என்ற பெயர் செத்த பிறகும் அவனை விடவில்லை.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். "என் பேச்சே அதுதாம்மா" என்றாள் மெதுவாக. பிறகு அக்கா பக்கம் திரும்பி, "சரி ஆன்ட்டி" என்றாள்.

"நான் சொன்னேன்னும் சொல்லாதம்மா. அதுக்கும் எதாச்சும் எழுதுவாங்க."

"சொல்ல மாட்டேன்."

பத்து மணிக்கு விவாதம் தொடங்கியது. மண்டபம் நிறைந்திருந்தது. வந்தவர்களுக்கு வருகைப் புள்ளி உண்டு என்று பக்கத்தில் இருந்த ஒரு தகப்பனார் சொன்னார். முதலில் பேசிய ஹகீம், கேன்டீன் விலையையும் இணையம் அடிக்கடி அறுந்துபோவதையும் பற்றிச் சொன்னான். அடுத்து கிள்ளானிலிருந்து வந்து படிக்கும் ஹரிஷ். மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி, தங்குதடையில்லாமல் பேசினான்.

மூன்றாவதாகத் தர்ஷினி. அவள் அப்படித் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. ஆரம்பம் போய்விட்டதால் பேச்சு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றது. "போக்குவரத்து வசதி", "மாணவர் பாதுகாப்பு" என்று அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள்.

பிறகு வேட்பாளர்கள் ஒருவரையொருவர் கேள்வி கேட்கும் நேரம். ஹரிஷ் சைகை காட்டினான். பின்னால் இருந்த திரையில் ஒரு படம் வந்தது. அக்காவின் மகன்தான். கேன்டீன் மேசையில் சாய்ந்து, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அக்கா இருக்கையின் நுனிக்கு நகர்ந்தார்.

ஹரிஷ் அவன் முழுப்பெயரையும் சொன்னான். "இவன் உன் நண்பன். இவ்வளவு நேரம் பஸ்ஸைப் பற்றிப் பேசினாய். இவனை ஒரு வார்த்தை சொல்லவில்லையே, ஏன்? நிர்வாகத்துக்குப் பயமா?" என்று மலாயில் கேட்டான். கேட்கும்போது அவன் குரல் உடைந்தது. அவன் நடிக்கவில்லை என்றுதான் எனக்குப் பட்டது. மண்டபமே எழுந்து கை தட்டியது.

தர்ஷினி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவையாவது பின்வரிசையைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும், "பஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பதில் சொல்கிறேன். அவனைப் பற்றி நான் பேசப் போவதில்லை" என்றாள்.

"பெனாக்குட்!" என்று யாரோ கத்தினார்கள். மலாயில் கோழை என்று அர்த்தம். அதையே இன்னும் பல குரல்கள் பிடித்துக்கொண்டன. மேசையைத் தட்டினார்கள்.

நான் எழுந்துவிட்டேன். அவன் அம்மா இங்கேதான் இருக்கிறார், அவரைக் கேளுங்கள் என்று கத்த வாய் வந்துவிட்டது. அக்கா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்.

"ஒக்காருங்க தங்கச்சி. ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

உட்கார்ந்தேன். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு வந்த கோபம் ஹரிஷ்மேல்கூட வரவில்லை. உங்கள் பிள்ளைக்காக என் பிள்ளை எத்தனை ஏச்சு வாங்க வேண்டும் என்று கேட்கத் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். அவர் மேடையைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்து வெளியே வந்தபோது தூறல். தர்ஷினியின் வகுப்புப் பிள்ளைகள் அவளைக் கடந்து போனார்கள், ஒருவரும் நிற்கவில்லை. அவள் அழவில்லை. நேராக அக்காவிடம் வந்தாள்.

"அந்தப் படம் நான் எடுத்தது ஆன்ட்டி. வகுப்பு குரூப்ல போட்டிருந்தேன், அதான் ஹரிஷ் கையில போயிருச்சு. சாரி."

"நான் பாத்ததேயில்ல அந்தப் படத்த."

"அனுப்பட்டுமா?"

"அனுப்பு கண்ணு."

கோல சிலாங்கூரைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் மின்மினிக்கும் மலைமேல் இருக்கும் குரங்குகளுக்கும் வருகிறார்கள். அதற்கான பலகைகள் வழிநெடுக நிற்கின்றன. நாங்கள் எதையும் பார்க்காமல் மழையில் திரும்பினோம். விடுதிச் சாலை பிரியும் முனையில் பகலிலேயே இருட்டு. ரவாங்கில் எங்கள் வீட்டுத் தெருவில் ஒரு விளக்கு அணைந்தால் நகராண்மைக் கழகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறவள் நான். இங்கே யாருக்குப் போன் போடுவது என்றுகூட அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பெஸ்தாரி ஜெயா தாண்டும்வரை அக்கா கைப்பேசியில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "இந்தச் சட்ட நான் வாங்கிக் குடுத்ததில்ல. யாரு வாங்கிக் குடுத்தாங்கன்னு தெரியல" என்றார். உலு யாமில் இறங்கும்போது, "முடிவு வந்தா எனக்குச் சொல்லிருங்க. தோத்திருந்தாலும் மறைக்காதீங்க" என்றார்.

அன்று இரவுக்குள் ஹரிஷின் கேள்வி காணொளியாகப் பரவிவிட்டது. எதையெல்லாம் எழுதுவார்கள் என்று அக்கா சொன்னாரோ அதையெல்லாம் கீழே எழுதினார்கள். கூடவே என் மகளைப் பற்றியும் எழுதினார்கள்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. ஹரிஷ் ஜெயித்தான். தர்ஷினி மூன்றாவது இடம். இதை நான் எழுதும் இன்றுவரை பஸ் வரவில்லை.

சொன்னபடி அக்காவுக்குப் போன் செய்தேன். முடிவைச் சொன்னேன்.

"அவன் போனதுலருந்து கோயில் வாசல மிதிக்கல தங்கச்சி. போன மாசம்தான் வருசத் திதி முடிஞ்சிச்சு" என்றார். "வர்ற வெள்ளிக்கெழம போறேன். ஒரு அர்ச்சனை பண்ணணும். ஒங்க மக நட்சத்திரம் என்ன?"